நாசகாரி என்னும் காவலன்

அணுசக்தி நகரில் நாங்கள் குடியிருக்கும் இடத்திற்குப் பின்னே டிராம்பேக் குன்று நிற்கிறது. அதற்கு அப்பால் மும்பைத் துறைமுகத்தின் கடல். அக்கடலின் மேற்குக் கரையிலுள்ள மசகான் கப்பல் தளத்தில் உருவாகி, 2016-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் நமது கடற்படையில் சேர்ந்த போர்க்கப்பல் ஒன்றுக்குச் ‘சென்னை’ என்று பெயர். பிழைப்பை நாடி இவ்வூர் வந்த தமிழர்களுக்கு அப்பெயரில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் என் மகள் ஒருநாள் கேட்டாள்: “நாசகாரிக் கப்பல் என்கிறீர்களே அப்பா, நாசம் செய்கிற கப்பலுக்கா நம் ஊர்ப் பெயரை வைத்தார்கள்?”

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் உடனே விடை கூற இயலாமல் நின்றேன். ‘டெஸ்ட்ராயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலமாக நாசகாரி என்றே எழுதி வந்தன. சொல்லுக்குச் சொல் சரிதான். பொருள் சரிதானா என்பதே கேள்வி.

நேயர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்ப்பீடோ என்னும் நீரடி வெடிகுண்டு தோன்றியது. அதைச் சுமந்து விரையும் ஒரு சிறு படகு, இரும்புக் கவசம் பூண்ட பெருங்கப்பலையும் கவிழ்த்துவிடும் என்னும் நிலை வந்தது. அப்படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே பிரிட்டன் ‘ஹேவக்’ என்னும் கலத்தைக் கட்டி 1893-ஆம் ஆண்டில் நீரில் இறக்கியது. அதன் எடை ஏறத்தாழ 240 டன். இவ்வினத்திற்கு முதலில் வழங்கிய பெயர் ‘டார்ப்பீடோப் படகுகளை அழிப்பது’ என்பதாகும். நாளடைவில் பெயரின் முற்பாதி தேய்ந்து மறைந்தது; ‘அழிப்பது’ என்னும் பிற்பாதி மட்டுமே எஞ்சியது. நாம் மொழிபெயர்த்தது அந்தப் பிற்பாதியைத்தான். அழிக்க வருவதைத் தடுத்து அழித்தலே இக்கப்பலின் தொழில். அதற்குக் காவல் என்றன்றோ பெயர்!

காவல் என்பதால் இழப்பும் இவற்றுக்கே முதலில் நேர்ந்தது. 1940-ஆம் ஆண்டு டன்கர்க் கடற்கரையிலிருந்து மீட்கப்பட்ட மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களுள், ஓர் இலட்சம் பேரைக் கரைசேர்த்தவை பிரிட்டனின் நாசகாரிகளே. அப்பணியில் அவற்றுள் ஆறு மூழ்கின. நமக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகே, ‘ஹெர்மிஸ்’ என்னும் பிரிட்டிஷ் விமானந் தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அன்று அக்கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. அதற்குத் துணையாகச் சென்ற ‘வாம்பயர்’ என்னும் ஆஸ்திரேலிய நாசகாரியும் சிறிது நேரத்தில் மூழ்கியது. நீரில் தத்தளித்தவர்களுள் ஏறத்தாழ 600 பேரை ‘வீட்டா’ என்னும் மருத்துவக் கப்பல் மீட்டுச் சென்றது.

இனி மும்பையோடு தொடர்புடைய போருக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நகர் இரவுதோறும் விளக்கணைத்து இருளில் கிடந்ததை மாதுங்காவிலும் தாராவியிலும் உள்ள முதியோர் இன்றும் நினைவுகூர்வர். அம்மாதம் 4-ஆம் நாள் இரவு நமது நிபாட், நிர்காட், வீர் என்னும் மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியை நோக்கி விரைந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருநூறு டன் எடையே உடையது. கராச்சிக்கு வெளியே காவல் சுற்றிக்கொண்டிருந்தது ‘கைபர்’ என்னும் பாகிஸ்தானிய நாசகாரி. இரண்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட அக்கப்பல் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் கட்டப்பட்டது. நிர்காட் ஏவிய முதற் கணை வானில் ஒளியாக வந்தபோது, கைபரில் இருந்தோர் அதை விமானமென்றே கருதினர். விமானம் தாக்கியதாகவே கரைக்குச் செய்தியும் அனுப்பினர். இரண்டாவது கணையில் கப்பல் மூழ்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சிறு படகுகளை எதிர்க்கவே பிறந்த இனம், முடிவில் ஒரு சிறு படகாலேயே வீழ்ந்தது. அவ்வெற்றியின் நினைவாகவே டிசம்பர் 4-ஆம் நாளை நாம் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதே. ஆயினும் மாண்டவர்களும் தம் ஊரின் வாயிலில் விழித்து நின்ற காவலர்கள் என்பதை நாம் மறத்தல் தகாது. வீரத்தை மதிக்கத் தெரிந்தவர்க்குப் பகைவனின் கடமையுணர்ச்சியும் புலப்படும்.

‘சென்னை’க் கப்பல் இன்று ஏழாயிரம் டன்னுக்கு மேற்பட்டது; நீளம் 164 மீட்டர். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பாற்பட்ட கடலில் ‘லிலா நார்ஃபோக்’ என்னும் சரக்குக் கப்பலில் ஆயுதம் தாங்கியோர் ஏறிவிட்டனர் என்ற செய்தி கேட்டு, அங்கே விரைந்தது இக்கப்பலே. உள்ளே பாதுகாப்பான அறையில் அடைந்திருந்த மாலுமிகள் 21 பேரும் உயிருடன் மீண்டனர். அவர்களுள் 15 பேர் இந்தியர்.

என் மகளுக்கு நான் கூறிய விடை இதுதான்: “நம் கிராமத்து எல்லையில் ஐயனார் நிற்கிறாரே, அவர் கையில் இருப்பதும் அரிவாள்தானே அம்மா? ஊருக்குள்ளே உறங்குகிறவர்களுக்காக அன்றோ அவர் அங்கே விழித்து நிற்கிறார்!” அகராதியில் நாசகாரி என்றே இருக்கட்டும். சென்னையின் பெயரை அக்கப்பல் சுமப்பதில் நாம் நாணுவதற்கு ஒன்றுமில்லை.