வீட்டுப் பிள்ளைக்கு எதற்குச் சொக்சோ?

(பொன்விழா குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது சங்கத்தின் பழைய நாள்களைப் பற்றிச் சொல்வேன் என்று செயலாளர் எதிர்பார்த்திருப்பார். அதற்கு என்னைவிட மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் பேச வந்தது ஒரு கணக்கு. நம் வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்து எழ முடியாமல் போனால், அரசாங்கப் பணம் எங்கிருந்து வரும், எப்போது வராது என்ற கணக்கு.

என் சின்னத்தா மகன், எனக்குத் தம்பி முறை. 1997இல் எங்கள் அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ரொட்டி போடுவதில் அவன் கையை மிஞ்ச ஆள் இல்லை. 22 ஆண்டுகள் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றான். 2019இல், 54 வயதில், ஒருநாள் சுபுஹுக்கு எழுந்தவனுக்கு வலது பக்கம் வரவில்லை. பக்கவாதம்.

ஆஸ்பத்திரிச் செலவு எங்களைச் சாய்க்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி, மூன்றாம் வகுப்பு வார்டு, சில நூறு வெள்ளியோடு முடிந்தது. செலவு தொடங்கியது வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்துதான். கட்டில், சக்கர நாற்காலி, பெம்பர்ஸ், குழாய் வழியே கொடுக்கும் பால் மாவு. அவன் மனைவியால் தனியாகத் தூக்கிப் புரட்ட முடியவில்லை. ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் விசாரித்தேன். மாதம் 2,200 வெள்ளி என்றார்கள், பெம்பர்ஸ் தனி.

அரசாங்க இல்லம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தைப்பிங்கிலேயே ருமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது. ஆனால் அது 60 வயதைத் தாண்டிய, ஆதரவற்ற, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய ஏழை முதியவர்களுக்கு. படுத்த படுக்கையானவர்களுக்கு ருமா ஏசான், கோலகுபு பாருவிலும் டுங்குனிலும். அதுவும் கவனிக்க யாருமற்றவர்களுக்கே. பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் உள்ளவனுக்கு இரண்டுமே இல்லை. குடும்பம் இருப்பவரைக் குடும்பம்தான் பார்க்க வேண்டும் என்பதே நம் நாட்டு ஏற்பாடு. ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலிருந்து, 40 வயதானவர்கள் எல்லாரும் சந்தா கட்டும் நீண்ட காலப் பராமரிப்புக் காப்புறுதி இருக்கிறது. பக்கத்துச் சிங்கப்பூரில் 2020இல் கேர்ஷீல்டு லைஃப் வந்தது. இங்கே அப்படி எதுவும் இன்னும் வரவில்லை.

ஆனாலும் வாசல்கள் இருக்கின்றன. சமூக நல இலாகாவில், படுக்கையில் கிடக்கும் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஏழைக் குடும்பத்துக்கு மாதாந்திர உதவி உண்டு. 2021இல் அது 350 வெள்ளியிலிருந்து 500 ஆனது. நாங்கள் 14 மாதங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. ஏன் தெரியுமா? வெட்கம். "கடை வைத்திருக்கிற குடும்பம் நல இலாகாவில் போய் நிற்பதா?" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். பாரத்தை எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம் வந்தது. போன 14 மாதங்கள் போனதுதான். மஜ்லிஸ் அகாமாவிலும் கேட்டோம், ஸகாத் நிதியிலிருந்து பால் மாவுச் செலவுக்கு உதவி கிடைத்தது. ஸகாத் கொடுக்கும் வரிசையில் நாம் கூச்சமில்லாமல் நிற்கிறோம். பெறும் வரிசையில் நம் ஆள் நின்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. வரி கட்டுபவர்கள் ரசீதை வீசிவிடாதீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 60 வயதுக்கு முன் நோயால் உழைக்க முடியாமல் போன தொழிலாளிக்குச் சொக்சோ, அதாவது பெர்க்கேசோ, இயலாமை ஓய்வூதியம் தருகிறது. நோய் வேலையால் வந்ததா என்று இதில் பார்ப்பதில்லை. சராசரிச் சம்பளத்தில் பாதியில் தொடங்கும், சந்தா கட்டிய காலம் கூடக்கூட 65 விழுக்காடு வரை ஏறும். எந்நேரமும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று மருத்துவ வாரியம் சொன்னால் மாதம் இன்னொரு 500 வெள்ளி. என் தம்பியின் சம்பளம் 1,800. 22 ஆண்டுகள் சந்தா கட்டியிருந்தால் 65 விழுக்காடு, அதாவது 1,170. அந்த 500ஐயும் சேர்த்தால் மாதம் 1,670 வெள்ளி. மருத்துவ வாரியம் முடிவு செய்திருந்தால் அது அவனுக்குரிய பணம், யார் தயவும் தேவைப்பட்டிருக்காது.

அவனுக்குக் கிடைத்தது சுழியம். அவன் பெயரில் ஒரு மாதம்கூடச் சந்தா கட்டவில்லை. அந்தக் கடையின் கணக்குப் புத்தகத்தை எழுதியவன் நான். வெளியாள்கள் இருவருக்குக் கட்டினேன். இவனைப் பற்றிக் கேட்டபோது அத்தா, "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எதுக்குச் சொக்சோ?" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இன்று 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்துக்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து மாதம் கட்டுவது 40 வெள்ளிக்குள். கடையில் ஒரு மேசையின் ஒருவேளை பில்.

ஆகவே கடை வைத்திருக்கும் சகோதரர்களே, மருமகன், மச்சான், தம்பி மகன், சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால் அவர் தொழிலாளிதான். கணவரின் கடையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் மனைவியையும் 2018லிருந்து பதியலாம். ஊரிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்கும் 2024 ஜூலை முதல் இந்த இயலாமைத் திட்டம் உண்டு. சந்தா கட்டியவர் ஒருவர் 60க்கு முன்பே நோயில் விழுந்து, அதன்பிறகு வேலைக்கே போகாமல் இப்போது 60ஐத் தாண்டியிருந்தால், முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நோய் அப்போதே வந்தது என்பதை மருத்துவப் பதிவுகளால் நிரூபித்து இன்னும் கேட்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. என் தம்பி மனைவி ஐந்து ஆண்டுகள் அவனைத் தூக்கிப் புரட்டினார். இன்று அவருக்கு முதுகு நிமிரவில்லை. இல்லத்தரசிகளுக்கென்று 2022 டிசம்பரில் ஒரு சொக்சோ திட்டம் வந்தது. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 120 வெள்ளி. இயலாமை, டயாலிசிஸ் எல்லாம் அதில் அடங்கும். நோன்புப் பெருநாளுக்கு மனைவிக்குச் சேலை எடுக்கும்போது இதையும் கட்டிவிடுங்கள் என்று ஆண்களிடம் சொல்கிறேன். சேலையைக் குறைக்க வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.

தம்பி 2024இல் மவுத்தாகிவிட்டான். அவனுக்காக துஆ செய்யுங்கள்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். முதலாளிகள் வேலையாள்களின் ஐ.சி. நகலைக் கொண்டு வாருங்கள். வேலையாள்கள் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள், உங்கள் பெயரில் சந்தா போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் டாக்டர் கடிதத்தோடு வாருங்கள். பாரம் எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன். கணக்கு எழுதிய கைதானே.