மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்



1968 பெப்ரவரி 1. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் குப்பை லொறியின் இயந்திரத்தில் நசுங்கி இறந்தனர். 12ஆம் திகதி ஏறக்குறைய 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் பாதுகாப்பும் கேட்டார்கள். சங்கத்தை அங்கீகரித்து, சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கவும் கேட்டார்கள். மேயர் மறுத்தார். (செக்ரோலில் சந்தா பிடிபடும் நமக்கு அதன் அருமை தெரிவதில்லை.) நரைத்த தலையையும் "பையா" என்று கூப்பிட்ட ஊர் அது. அதனால்தான் "நான் ஒரு மனிதன்" என்று அட்டையில் எழுதிச் சுமந்தார்கள்.

அங்கே தேவாலயங்கள் சும்மா இருக்கவில்லை. மெதடிஸ்ட் போதகர் ஜேம்ஸ் லோசன் ஆதரவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஊர்வலங்கள் தேவாலயத்திலிருந்து புறப்பட்டன. காணிக்கைப் பணம் தொழிலாளர் வீட்டு அடுப்புக்குப் போனது. மார்ச் 28 ஊர்வலத்தில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. பொலிஸ் சுட்டு ஒரு சிறுவன் இறந்தான். போதகர் மார்ட்டின் லூதர் கிங் ஒதுங்கிப் போகவில்லை. அமைதியாக இன்னோர் ஊர்வலம் நடத்தத் திரும்பி வந்தார். ஏப்ரல் 4 அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 சங்கம் அங்கீகாரம் பெற்றது, கூலியும் கூடியது.

லயத்துக்கு ஜெபிக்க வரும் போதகர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: ஜெபியுங்கள். சம்பளப் போராட்டம் நடக்கும் நாளில் தேவாலய மண்டபத்தையும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள்.