நீரில் நிற்கும் மண்டபம்



மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரைக்கு ஒருநாள் காலை ஆறரை மணிவாக்கில் போய்ப் பாருங்கள். இளவெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து போய்க் குளத்தின் நடுவே இருக்கும் மைய மண்டபத்தின்மேல் விழும். காற்று இன்னும் எழுந்திருக்காது. விமானமும், மூலைகளில் நிற்கும் சிறு மண்டபங்களும், அவற்றை ஒட்டிய மரங்களும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதே காட்சியை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாஸ்டல் பென்சிலால் வரைவதில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பாஸ்டல் என்றதும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருக்கும் ஆயில் பாஸ்டல்தான் நமக்கு நினைவுக்கு வரும். அது எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது. தாளில் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும். பாஸ்டல் பென்சில் வேறு. நிறமித் தூளோடு களிமண்ணும் கொஞ்சம் பசையும் கலந்து குச்சியாக்கி, அதை மரத்துக்குள் பொதிந்திருப்பார்கள். கோடு இழுத்தால் சாக்பீஸ் போலப் பொடியாக ஒட்டும். விரலால் தேய்த்தால் மென்மையாகப் பரவும். கூராகச் சீவினால் முடி இழை போன்ற கோடும் வரும். பரப்பவும் வேண்டும், கூராக்கவும் வேண்டும் என்ற இரண்டு வேலைக்கும் ஒரே கருவி இது. தண்ணீரையும் கட்டடத்தையும் ஒரே தாளில் வரைகிறவருக்கு இதைவிட ஒத்தாசையான கருவியை நான் கண்டதில்லை.

நீர்க்கரைக் கட்டடங்களை உலர்ந்த வண்ணப்பொடியால் வரைந்த பெரியவர்கள் உண்டு. அமெரிக்காவில் பிறந்த விஸ்லர் என்ற ஓவியர், செப்புத்தகட்டு அச்சோவியங்கள் செய்து தரும் வேலையாக 1879இல் வெனிஸ் நகரத்துக்குப் போனார். ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கியவர், கூடவே ஏறக்குறைய நூறு பாஸ்டல் ஓவியங்களையும் வரைந்தார். பழுப்புத் தாளில் கறுப்புக் கோடுகளால் கட்டடத்தின் உருவத்தைக் காட்டி, வேண்டிய இடத்தில் மட்டும் வண்ணத்தைத் தொட்டு வைத்தார். மற்ற இடங்களில் தாளின் நிறமே சுவராகவும் நீராகவும் நின்றது. 1901இல் லண்டன் போன ஓவியர் மோனே, தம் கேன்வாஸ்கள் வந்து சேரும்வரை காத்திராமல், தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலத்தைப் பாஸ்டலில் வரைந்தார். அவர்கள் கையாண்டது மரம் பொதியாத பாஸ்டல் குச்சிகள். ஆனாலும் பென்சில்காரர்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது: வெள்ளைத் தாளில் தொடங்காதீர்கள். சாம்பல் நிறமோ வெளிர்பழுப்போ உள்ள தாளை எடுத்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

இப்போது பிரதிபிம்பத்துக்கு வருவோம். புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் மண்டபத்தை வரைந்து முடித்ததும், தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு அதையே இன்னொரு தடவை வரைவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். என் ஓவிய ஆசிரியர் பார்த்துவிட்டு, "மண்டபத்தை ரெண்டு தடவை வரைஞ்சிருக்கப்பா, தண்ணியை எங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பல காலைகள் அந்தக் கரையில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் காட்டுவது நாம் பார்க்கும் மண்டபத்தை அல்ல. நம் கண் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்த மண்டபத்தைத்தான் தண்ணீர் காட்டுகிறது. கரைமேல் நின்று, கையை நீட்டிப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து அளந்து பாருங்கள். நீரைத் தொட்டு நிற்கும் சுற்றுச்சுவர், மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவே இருக்கும். சுவருக்குப் பின்னால் தள்ளி நிற்கும் விமானம் அப்படி இருக்காது. பிம்பத்தில் அதன் அடிப்பகுதியைச் சுவர் கூடுதலாக மறைத்திருக்கும். உச்சியும் சுவரை நோக்கிக் கொஞ்சம் நெருங்கியிருக்கும். படியிறங்கி நீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த வேறுபாடு குறைந்துவிடும். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தேதான் வரைகிறோம்.

அடுத்தது நிறம். ஒளிபட்ட சுவர் நீரில் ஒரு படி மங்கலாகத் தெரியும். இருண்ட வாசலும் மரநிழலும் நீரில் ஒரு படி வெளுத்துத் தெரியும். மேலே இருக்கும் பளிச்சும் கறுப்பும் கீழே ஒன்றையொன்று நோக்கி நகர்ந்திருக்கும். அதனால் மண்டபத்துக்கு வெள்ளைப் பென்சிலை எடுத்தால், பிம்பத்துக்கு அதே வெள்ளையைத் தொடாமல் தந்த நிறத்தையோ வெளிர் சாம்பலையோ எடுங்கள்.

குளம் முழுவதும் ஒரே கண்ணாடியும் அல்ல. காலடிப் படியோரத்தில் குனிந்து பார்த்தால் பாசியின் பச்சையும் மூழ்கிய படிக்கல்லும் தெரியும். தண்ணீரை நேர் கீழாகப் பார்க்கும்போது நூற்றில் இரண்டு பங்கு ஒளிதான் அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மிச்சம் உள்ளே போய்விடுகிறது. பார்வை சாயச் சாயத் திரும்பும் ஒளி கூடிக்கொண்டே போகும். அதனால்தான் தொலைவில் வானமும் மண்டபமும் கண்ணாடியில் போல நிற்கின்றன. படத்தின் அடிப்பகுதிக்குக் கரும்பச்சையும், மேலே போகப்போக வானத்தின் நிறமும் தீட்டினால், தண்ணீர் தானாகப் படுத்துக்கொள்ளும்.

கை வேலையைச் சொல்கிறேன். முதலில் பிம்பத்தின் கருமையான பகுதிகளை மேலிருந்து கீழாக, நெருக்கமான செங்குத்துக் கோடுகளாகப் போடுங்கள். நீர்வண்ணத்தில் வெளிர் நிறத்தில் தொடங்குவோம்; இதில் கருமையில் தொடங்கி வெளிச்சத்துக்கு வர வேண்டும். பிறகு சுண்டுவிரலால், அதுவும் கீழ்நோக்கி மட்டும், ஒரே ஒரு தடவை தடவுங்கள். விளிம்புகள் கரையும். மேலே இருக்கும் மண்டபத்தில் விரல் வைக்காதீர்கள். அங்கே கோடு கோடாகவே இருக்கட்டும். கல்லுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு அதிலேயே வந்துவிடும். கடைசியாக, கூராகச் சீவிய வெளிர்நீலப் பென்சிலால் பிம்பத்துக்குக் குறுக்கே நாலைந்து கிடைக்கோடுகள். அவையும் சம இடைவெளியில் வேண்டாம். தொலைவில் நெருக்கமாக, அருகே வர வர அகலமாக. காற்று தொட்ட இடம் அதுதான். அந்த நாலைந்து கோடு விழுந்ததும், அதுவரை தலைகீழ்ப் படமாக இருந்தது தண்ணீராகிவிடும். என் ஆசிரியர் கேட்ட தண்ணீர் அங்கேதான் இருந்தது.

இந்தக் கருவியின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய படத்துக்கு இது ஒத்துவராது. ஏ3 அளவுக்கு மேல் போனால் வானத்தை நிரப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் குச்சி உடைந்துபோகும். சாதாரண ஷார்ப்னருக்கும் தாங்காது. பிளேடால் மரத்தைச் சீவி, முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்க வேண்டும். பொடியை வாயால் ஊதாதீர்கள், மூச்சில் ஏறும். பலகையைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டினால் போதும். படம் முடிந்தாலும் பொடி பொடிதான். நிலைப்படுத்தும் தெளிப்பான் அடித்தால் நிறம் சற்று இருண்டுவிடும். மேலே பட்டர் பேப்பர் வைத்து மூடுவதும், சட்டமிடும்போது கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விடுவதுமே நல்ல காப்பு.

இத்தனை இருந்தும், கற்றுக்கொள்கிறவர் கைக்கு ஏற்றது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நீர்வண்ணத்தில் தவறினால் தாளே போயிற்று. இதில் தவறினால் பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, மீண்டும் பார்த்து, மீண்டும் போடலாம். திருத்தத் திருத்தக் கண் தேறும்.

நான் தொடக்கத்தில் சொன்ன தெப்பக்குளம், திருமலை நாயக்கர் 1645ஆம் ஆண்டு வெட்டியது. நடுவில் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. பிள்ளைகள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த நாட்களில் மண்டபம் இருந்தது, பிம்பம் இல்லை. வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து நிறைந்த பிறகுதான் அந்த இன்னொரு மண்டபமும் திரும்பி வந்தது. உங்கள் ஊரிலும் தண்ணீர் நிற்கும் ஒரு குளமும், அதன் கரையில் ஒரு மண்டபமும் இருக்கும். ஒரு சாம்பல் தாளும் ஆறு பென்சிலும் போதும். தண்ணீர் இருக்கும்போதே போய் வரையுங்கள். காற்று எழுவதற்கு முன்னால் போய்விடுங்கள்.