வீடு மாறுவோர் கவனத்திற்கு

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பகுதியில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். பிள்ளைகளின் படிப்புக்காகக் கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கமிருந்து அறந்தாங்கிக்கும், அங்கிருந்து புதுக்கோட்டைக்கும் குடும்பங்கள் வருகின்றன. ஆண்கள் பலர் வளைகுடாவில் இருப்பதால் சுமை முழுவதும் பெண்கள் தலையில் விழுகிறது.

நாங்கள் செய்த தவறையே முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வீடு மாறியபோது அம்மாவின் வீசிங் பம்பையும் மற்ற சாமான்களோடு பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டோம். லாரி இரவில்தான் வந்து இறக்கியது. எந்தப் பெட்டியிலும் எழுத்து இல்லை. பழைய வீட்டுத் தூசியில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். பெயர்கூடத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அல்லாஹ் காப்பாற்றினான்.

அதனால் முதல் வேலை, கையோடு வரும் ஒரு பை. மருந்துகள், ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், நிகாஹ் சான்று, பத்திரம், நகை, ஒரு நாள் மாற்றுத்துணி அதில் இருக்கட்டும். அது லாரியில் ஏறக் கூடாது. குர்ஆன் பிரதிகளையும் கையிலேயே கொண்டு போங்கள். மற்ற பெட்டிகளில் எந்த அறைக்கு உரியது என்று பெரிதாக எழுதுங்கள். அடுப்படிப் பெட்டியைக் கடைசியாக ஏற்றினால் முதலில் இறங்கும்.

அடுத்தது நாள் பார்ப்பது. ஸஃபர் மாதம் பீடை என்று பயந்து, புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். ஸஃபரில் பீடை இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே சொல்லிவிட்டார்கள். பார்க்க வேண்டியது மழையை. ஐப்பசி, கார்த்திகையில் மெத்தையும் அரிசி மூட்டையும் நனைந்தால் யார் ஈடு தருவார்?

அட்வான்ஸ் விஷயத்தில்தான் மனக்கசப்பு வருகிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்து வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். சாவி கொடுக்கும் அன்று மின் மீட்டரையும் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல, அமானத். கி.பி. 622இல் மக்காவை விட்டுப் புறப்படும் நெருக்கடியிலும், தம்மிடம் இருந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலி (ரலி) அவர்களை நபியவர்கள் விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்திலேயே அப்படி என்றால், நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

வீடு மாறிய கையோடு முகவரியையும் மாற்றுங்கள். மனைவி, பிள்ளைகள் பெயரில் முகவரிச் சான்று இல்லாவிட்டால், குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து மாற்றலாம். அதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். ஆதாரில் இணைத்த போன் எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் பழைய சிம் முடங்கிப்போய்த் தவிக்கிற குடும்பங்கள் நம்மிடம் வருகின்றன. ரேஷன் கார்டுக்கு வட்ட வழங்கல் அலுவலகம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், இடம் மாறியவர்கள் என்று தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பெயர்கள் வரைவுப் பட்டியலில் விடுபட்டதை மறக்க வேண்டாம்.

ஜமாஅத்தையும் மறக்காதீர்கள். பழைய மஹல்லாவில் சந்தா பாக்கியை முடித்து, கடிதம் வாங்கி, புது மஹல்லாவில் பதிந்துகொள்ளுங்கள். பெண்ணுக்கு நிகாஹ் பேசி முடித்த பிறகு தடையில்லாச் சான்றுக்கு அலைவது பெரிய வேதனை.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு சட்டிச் சோறும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டு போய்க் கொடுங்கள். பக்கத்து மருத்துவமனை எது, தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லுங்கள். வந்தவர் யாராக இருந்தாலும் சரி. மதீனத்து அன்சாரிகள் வீட்டையும் சொத்தையும் பகிர்ந்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு வேளைச் சோறுதான். அன்றிரவு எங்கள் அம்மாவுக்காக ஓடிய அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவருக்காக இன்றும் துஆ செய்கிறோம்.

சாமான் ஏற்ற ஆள் இல்லாத முதியோர், தனித்து வாழும் பெண்கள் ஒரு வாரம் முன்னதாக அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். நம் இளைஞர்கள் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.