மலைநாட்டுப் பேய்களும் நாமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பேயைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசை இளைஞர் சிரிக்கிறார்கள். பின்வரிசைப் பாட்டிமார் முகம் சுளிக்கிறார்கள். சிரிப்பவர்களை ஒன்று கேட்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல், கையில் விளக்கின்றி, ஸ்டோர் வளைவைத் தாண்டித் தனியாக லயத்துக்குப் போக உங்களில் எத்தனை பேர் தயார்? சிரிப்புக் குறைந்துவிட்டதே!

நம் ஊவா மலைகளில் பேய்க்குப் பஞ்சமில்லை. கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, காட்டேரி, முனி என்று நமக்கு ஒரு பட்டியல் உண்டு. மயானத்தில் தோளில் அறையும் மகாசோனன் நம் சிங்கள அயலவருக்கு உண்டு. இவற்றுள் சிலவற்றை எளிதில் விளக்கிவிடலாம். வயற்கரையில் இரவில் தோன்றி மறையும் தீ, அழுகிய தழையிலிருந்து எழும் வாயு என்பர் விஞ்ஞானிகள். காட்டிலே பெண் கதறுவதுபோல ஓலமிடும் பேய்ப்பறவையைச் சிங்களத்தில் ‘உலலேனா’ என்பார்கள். அது ஒருவகைப் பெரிய காட்டாந்தை என்பது பறவை நூலார் பலரின் முடிவு. ஆனால் அதன் கதையைக் கேட்டீர்களா? மனைவிமேல் ஐயங்கொண்ட ஒருவன், அவள் இல்லாத வேளையில் குழந்தையைக் கொன்று கறியாக்கி வைத்தான். அறியாமல் உண்ட தாய், சட்டியிலே சிறு விரலைக் கண்டாள்; அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையானாள். ஆந்தையென்று சொன்னால் ஓசைக்கு விளக்கம் கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தாயை யார் விளக்குவது? எனக்கு அக்கறை அங்கேதான்.

நான் படித்தது பாதிரிமார் நடத்திய பாடசாலை. அங்கே ஓர் ஆசிரியர், நம் முனியாண்டியைப் பேயென்றும் அறியாமையென்றும் வகுப்பிலேயே சொல்வார். அதே ஆசிரியர், பழைய பங்களாவில் நடமாடும் வெள்ளைத்துரையின் ஆவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்! அச்சத்துக்குச் சாதி சமயம் கிடையாது போலும்.

வெள்ளைத்துரை என்றதும் மேஜர் ரொஜர்ஸ் நினைவுக்கு வருகிறார். தாமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400 வரை இருக்கும் என்பர். அக்காலத்து அரசு யானையைக் கொல்பவருக்குப் பரிசு கொடுத்தது. ஆகவே அது குற்றமாகாது, வீரம்! 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆந் திகதி, அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்த ரொஜர்ஸ், மழை ஓய்ந்ததா என்று பார்க்க வெளியே வந்தார். மின்னல் தாக்கி அங்கேயே இறந்தார். பதுளையில் இன்றும் நிற்கும் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்ததே. உடல் நுவரெலியாவில் அடக்கமாயிற்று. அந்தக் கல்லறையையும் மின்னல் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்து தாக்குகிறது என்பது மக்கள் கதை.

மலையுச்சியில் மின்னல் விழுவது அதிசயமன்று. ஆனால் இந்தக் கதையைச் சொன்னவர் யாரென்று எண்ணிப் பாருங்கள். நீதிபதியின்மேல் வழக்குத் தொடுக்க ஏழை ஊராருக்கு வழியில்லை, யானைக்கோ வாயில்லை. மன்றிலே சொல்ல முடியாத தீர்ப்பை அவர்கள் கதையிலே சொன்னார்கள். ஆலயத்தில் பொறித்த வாசகமும் ஊரார் கதையும் ஒரே மனிதரைப் பற்றியவைதாம். இரண்டையும் படிக்கத் தெரிய வேண்டும்.

கதையே நீதிமன்றமாகிய இடம் நம் பக்கத்திலும் உண்டு. நுவரெலியா வீதியில் உள்ள திவுரும்பொல என்னும் பெயருக்குச் சத்தியம் செய்யும் இடம் என்று பொருள். சீதாபிராட்டி தீக்குளித்துத் தம் கற்பை நிறுவிய இடம் இதுவென்பது நம்பிக்கை. பௌத்த விகாரை நிற்கும் அவ்விடத்தில், பிணக்குள்ளவர்கள் சத்தியம் செய்து வழக்கை முடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்து வருகிறது. வெலிமடைக்கு அருகே இஸ்திரிபுரக் குகையிலும் இராவணன் சீதையை மறைத்து வைத்தான் என்பார்கள். இவை சரித்திரமா என்று என்னைக் கேட்டால், அல்ல என்பேன். ஆயினும் பொய்ச்சத்தியம் செய்ய நடுங்கும் மனிதனை அந்த இடம் இன்னமும் உண்டாக்குகிறதல்லவா?

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை நூறு மைலுக்கு மேல் காட்டுவழி நடந்தவர்கள் நம் முன்னோர். கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் வழியிலே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கருமாதியும் இல்லை. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, ஸ்டோரில் சக்கரங்கள் சுழலத் தொடங்கின. அங்கே நம்மவர் ஒரு தெய்வத்தை இருத்தினார்கள். அதுதான் ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். இந்தியாவிலிருந்து மாடசாமியையும் முனியாண்டியையும் கொண்டு வந்தவர்கள், இங்கே கண்ட இயந்திரத்துக்கும் ஒரு முனியைக் கண்டார்கள். கத்தி பிடிக்கும் வேலைக்குக் கவ்வாத்துச் சாமி வந்தது. ஒரு கணம் கவனம் தப்பினால் கையைப் பறிக்கும் சக்கரத்தின் முன்னே, சூடம் கொளுத்திக் கும்பிட்டவனை அறிவிலி என்று நான் சொல்ல மாட்டேன். தன் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்க அவனுக்கு வேறு ஆளில்லை.

ஆனால், தாய்மார்களே, காட்டேரி விஷயத்தில் நான் உங்களோடு வழக்காடியே ஆகவேண்டும். பிள்ளை பெற்ற பெண் சில நாளிலேயே உறக்கமின்றிப் புலம்பி, ‘இது என் பிள்ளையில்லை’ என்று தள்ளினால், காட்டேரி பிடித்துவிட்டது என்கிறோம். கோடாங்கி வருகிறார், மூன்று இரவு உடுக்கு ஒலிக்கிறது, சில இடங்களில் பிரம்பும் பேசுகிறது. இது மகப்பேற்றுக்குப் பின் வரும் சித்தப்பிரமை. ஆயிரம் பேறுகளில் ஒன்றிரண்டில் வரும்; பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும்; மருந்தால் குணமாகும். அந்த மூன்று இரவுகளில் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரலாம். பாட்டிமார் பத்தியமும் வேப்பிலையும் வைத்துப் பச்சையுடம்புக்காரியைக் காத்தது உண்மையான அன்பு. அந்த அன்பின் பேரால் கேட்கிறேன்: முதலில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். வழி தெரியாவிட்டால் 1926 என்னும் மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். காட்டேரிக்கு நேர்ந்த கோழி எங்கும் ஓடிவிடாது. அவள் சுகமாகி வந்தபின் அறுத்தாலும் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்டங்களில் ஆற்றோரத்திலும் மலைமேலும் மஞ்சள் பூசிய கற்கள் நிற்கின்றன. சிலவற்றின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சிலவற்றின் பெயரோ, லயத்திலே ஒரே ஒரு பெரியவருக்குத்தான் தெரியும். மன்றத்து வாசிகசாலை மேசையில் இன்று முதல் ஒரு கொப்பி கிடக்கும். எந்தக் கல், எங்கே நிற்கிறது, யார் நட்டது, யார் இறந்ததற்காக நட்டது என்ற நான்கையும் அதில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லுங்கள்; ஞாயிறு பிற்பகலில் நாங்கள் இருவர் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொள்வோம்.