மூளைக்குள்ளே ஓர் ஆன்டெனா



ஆன்டெனா என்றதும் மொட்டை மாடியில் நின்ற மீன்முள் கம்பிதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது மண்டைக்குள் வைக்கிற ஆன்டெனா.

பக்கத்தில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், ஸ்குவிட் உணர்விகளை வைத்து, மண்டையைத் திறக்காமலே மூளையின் காந்தப் புலத்தை அளக்கிறார்கள். அதுக்குக் கவச அறை வேணும், திரவ ஹீலியம் வேணும். நோயாளி அந்த அறையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? அதனால்தான் உள்ளே பொருத்தும் வயர்லெஸ் கருவி. 2024 ஜனவரியில் நியூராலிங்க் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியது இந்த வகைதான்.

இத்தகைய கருவிகளுக்கென்று ஒதுக்கிய அலைவரிசை 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ். காற்றில் அலைநீளம் சுமார் 75 செ.மீ.; கால் அலைக் கம்பியே 18 செ.மீ.க்கு மேல். எங்கே வைக்கிறது? இங்கே மூளையே உதவுகிறது. அதன் பெர்மிட்டிவிட்டி 50-க்கு மேல் இருப்பதால் அலை ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். (மேலே உறை போட்டதும் அந்த லாபத்தில் கொஞ்சம் போயிடும்.) மீதிக்குக் கம்பியைப் பாம்பு மாதிரி மடிக்கிறோம்.

உதவிக்கு வட்டியும் உண்டு. மூளைத் திசு அலையைக் குடித்துச் சூடாகும். 1 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது என்று வைத்துத்தான் வடிவமைக்கிறோம். சிறுத்த ஆன்டெனா பேண்ட்விட்த்தையோ திறனையோ விட்டுக்கொடுத்தே ஆகணும் என்று 1948-லேயே சூ என்பவர் கணக்குப் போட்டுவிட்டார். சாஃப்ட்வேரை மாற்றினாலும் அது மாறாது.

தம்பிகளே, காற்றில் அளந்த வரைபடத்தை மட்டும் நீட்டாதீங்க. சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரில் அளங்க. சர்க்கரை பெர்மிட்டிவிட்டியைக் குறைக்கும், உப்பு கடத்துதிறனைக் கூட்டும். மாமல்லபுரத்துக் கடல் தண்ணியை மொண்டு ஊற்றினால் ஆகாது. அது மூளையைவிட ஆறேழு மடங்கு கடத்தும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டி நிற்கும் காயில்தான் தோலைக் கடந்து மின்சாரத்தையும் ஒலியையும் அனுப்புவது. அதன் ஒயர் அறுந்தால், உள்ளே கருவி நன்றாக இருந்தும் பிள்ளைக்குக் கேட்காது. புது ஒயர் வரும்வரை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கணும். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு மூளை ஆன்டெனாதான் வேணும் என்றில்லை. சீக்கிரம் அறுந்து போகாத ஒயர் ஒன்றைச் செய்ய யாராவது முன்வந்தால், சோதனைச் செலவு எங்க பேட்ச் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கேதான் இருப்பேன், வந்து பிடிங்க.