வில் முறிந்த வண்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனக்கு முன் பேசிய அன்பர்கள் அம்மரபைச் செவ்வனே காத்தனர். நானோ ஒரு பழைய வண்டியைப் பற்றியும், அதன் பின்புறத்தில் ஒடிந்துபோன இரும்பு வில்லைப் பற்றியும் பேச வந்திருக்கின்றேன். இதற்காக என்னை நகைக்க வேண்டாம். நம் குடியிருப்பில் அந்த வண்டியில் ஏறாத குடும்பம் ஒன்றேனும் உண்டா? ஆகவே இது என் வண்டியின் கதை மட்டுமன்று. நம் எல்லோருடைய கதையுமாகும்.

வில் என்றவுடன் இராமன் கைவில்லும் அருச்சுனன் கைவில்லும் நினைவுக்கு வரும். வண்டிக்கும் வில் உண்டு என்பதை நம் முன்னோர் நன்கறிவர். வில் பூட்டாத கட்டைவண்டி, வில் பூட்டிய வில்வண்டி என இருவகை வண்டிகளை அவர்கள் வழங்கினர். கட்டைவண்டி சுமைக்கு; வில்வண்டி பெருமைக்கு. நாம் வாழும் இத்தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் அந்தப் பெருமை சிலருக்கே உரியதென்று ஒருகாலத்தில் கருதப்பட்டது. வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யங்காளி 1893ஆம் ஆண்டில் ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதனைச் செலுத்தினார். அவ்வண்டியின் வில் ஒரு மனிதரின் உடலை மட்டும் தாங்கவில்லை; ஒரு சமூகத்தின் மானத்தையும் தாங்கியது. வில் அத்துணைச் சிறியதொரு பொருளன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

இனி என் வண்டிக்கு வருகின்றேன். அது ஜீப் குலத்தைச் சேர்ந்தது, உயரமானது, பின்னச்சின் இருபுறமும் பட்டைவில் உடையது. பதினைந்தாண்டுப் பதிவுக் காலம் நிறைந்து, தகுதிச் சோதனையிலும் தேறி, மேலும் ஐந்தாண்டுக்குப் பதிவு புதுப்பிக்கப்பெற்றது. காலையில் பள்ளிப் பிள்ளைகளையும், மாலையில் சந்தைப் பைகளையும், விழா நாட்களில் இம்மேடைக்குரிய நாற்காலிகளையும் அது சுமந்தது. சுமை கூடிற்று என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் இருபுறமும் ஒவ்வொரு பட்டையைக் கூடுதலாகப் போடச் செய்தேன். அன்று அதனை என் சாமர்த்தியம் என்றே எண்ணினேன்.

நம் குடியிருப்பில் எல்லோரும் பெரியம்மை என்றழைக்கும் மூதாட்டியாரை நீங்கள் அறிவீர்கள். சிறுநீரகம் பழுதுற்றமையால் வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ் சிகிச்சை நடைபெறுகின்றது. ஒருநாள் தவறினாலும் உடலில் நீரும் நஞ்சும் தேங்கும், மூச்சு முட்டும். அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். ஒருநாள் வண்டியில் ஏறும்போது அவர், "மக்களே, வண்டி எடப்பக்கம் சரிஞ்சு நிக்குதே?" என்று கேட்டார். "நீங்கள் இருக்கிற பக்கம் அல்லவா, பெரியம்மை!" என்று நான் நகையாடினேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்குந்தோறும் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் "டொக்" என்று ஓர் ஒலி கேட்கும். சாலை மோசம் என்று சாலையைப் பழித்தேன்; பிள்ளைகள் துள்ளுகிறார்கள் என்று பிள்ளைகளைக் கடிந்தேன். வண்டியின் அடியில் குனிந்து பார்க்க மட்டும் எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், ஒற்றசேகரமங்கலத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒருபுறம் ரப்பர்த் தோட்டம். மறுபுறம் நீர் புரளும் ஓடை. நீர் நிறைந்து கிடந்த குழியொன்றில் சக்கரம் இறங்கியது. துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. வண்டியின் பின்புறம் இடப்பக்கமாகச் சாய்ந்தது. நான் சுக்கானை நேரே பிடித்திருந்தும் வண்டி நேரே செல்லவில்லை. நண்டைப்போல் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது. தடையை மெல்ல மெல்ல அழுத்தி, ஓடைக்கு மூன்று முழம் முன்னால் நிறுத்தினேன். பின்னிருக்கையில் பெரியம்மையும் அவர் மகளும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருந்தனர்.

சாலையோரத்துத் தேநீர்க்கடைக்காரர் ஓடி வந்தார். அவர் மலையாளி; எங்களை முன்பின் அறியாதவர். பெரியம்மையின் நிலையைக் கேட்டறிந்ததும், மறு கேள்வி கேளாமல் ஓர் ஆட்டோவை வரவழைத்து, தாமே குடைபிடித்து அவரை ஏற்றிவிட்டார். சிகிச்சை குறித்த நேரத்தில் தொடங்கிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைத்தான் பிரித்தது. மழையில் குடைபிடிக்கும் கையைப் பிரிக்கவில்லை. அவ்வன்பருக்கு இம்மேடையிலிருந்து நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

மீட்பு வண்டியில் ஏற்றி, என் வண்டியை எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்துப் பக்கமுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றேன். வில் வேலையிலேயே நரைத்த மூத்த ஆசாரி ஒருவர் அங்கு இருந்தார். அவர் கற்பித்த பாடத்தையே இனி உங்கள்முன் வைக்கின்றேன்.

பட்டைவில் என்பது நீளத்தில் ஒன்றுக்கொன்று குறைந்த பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்தது. மேலுள்ள நீண்ட பட்டையே தலைப்பட்டை. அதன் இரு முனைகளும் கண்போலச் சுருட்டப்பட்டிருக்கும். முன்கண் வண்டியின் சட்டத்தில் நிலையாகப் பூட்டப்படும். பின்கண் ஊஞ்சல்போல் ஆடும் ஷேக்கிளில் தொங்கும். வில் நிமிரும்போது நீள வேண்டுமாதலால் இந்த ஊஞ்சல். நடுவில் யூ போல்ட்டுகள் வில்லையும் அச்சையும் இறுகப் பிணைக்கும். குலுக்கலைத் தாங்குவது மட்டுமே வில்லின் தொழில் என்று நான் எண்ணியிருந்தேன். ஆசாரி தலையசைத்தார். இத்தகைய வண்டியில் பின்னச்சை அதன் இடத்தில் நிறுத்துவதே வில்தான். தலைப்பட்டை முன்புறம் ஒடிந்தால் அச்சு பின்வாங்கும், சக்கரம் கோணும், ஓட்டுபவர் திருப்பாமலே வண்டி திரும்பும். என் வண்டியில் இரண்டாம் பட்டையின் முனை கண்ணை அணைத்து வளைந்திருந்தது. அந்த அணைப்பு ஒன்றே எங்களை ஓடையில் விழாமல் காத்தது.

"ஒட்டவைத்துத் தந்தால் போதுமே" என்றேன். அவர் மறுத்துவிட்டார். வில்லுக்குரிய எஃகைச் செந்தழலில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தியே அதன் நெகிழ்வைப் பெறுகின்றனர். வெல்டிங் நெருப்புப் பட்டவுடன் அந்தப் பதம் கெடும். ஒட்டின் ஓரம் நொறுங்கும் இயல்பை அடையும். அடுத்த பள்ளத்தில் அங்கேயே ஒடியும். "பழைய இரும்புக் கடையில் நல்லதாக ஒன்று பார்க்கலாமா?" என்றேன். "அதன் வயதை யார் சொல்வார்? பட்ட பாடு வெளியே தெரியாது" என்றார்.

பிறகு ஒடிந்த பட்டையை வெளிச்சத்தில் காட்டினார். முறிந்த முகத்தில் இரு நிறங்கள் இருந்தன. மேல்விளிம்பை ஒட்டிப் பிறைபோன்ற ஒரு பகுதி கறுத்துத் துருவேறியிருந்தது. எஞ்சியது புதிதாகப் பளபளத்தது. "பளபளப்பது இன்று ஒடிந்தது. கறுத்தது எப்போதோ ஒடிந்தது. இத்தனை நாள் பாதி வில்லில்தான் ஓடினீர்கள்" என்றார். பெரியம்மை கேட்ட கேள்விக்கு அந்தக் கறுத்த பிறை விடை கூறிற்று. நான் தலைகுனிந்து நின்றேன்.

இதனை அறிவியலார் உலோகச் சோர்வு என்பர். ஒரே அடியில் ஒடியாத எஃகு, சிறிய வளைவைப் பன்முறை பொறுத்துப் பின் ஒடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் இரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சோதித்து இவ்வுண்மையை நிலைநாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் வீழ்ந்து, அவற்றிலிருந்தோர் அனைவரும் மாண்டதற்கும் இச்சோர்வே காரணமென ஆய்ந்து கண்டனர். வானத்தில் பறப்பதற்கும் ஒற்றசேகரமங்கலத்தில் ஓடுவதற்கும் விதி ஒன்றே. சுமை ஏறும்போது தலைப்பட்டையின் மேற்பரப்பு இழுபடுகின்றது. அங்கே துரு அரித்த ஒரு சிறு குழி இருந்தால் போதும். பிளவு அங்கே பிறந்து நாள்தோறும் வளரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் இந்நாட்டில் துருவுக்குப் பஞ்சமில்லை. நான் கூட்டிய பட்டையோ, வில்லின் நடுப்பகுதியை விறைக்கச் செய்து, வளைவையெல்லாம் முனைப்பக்கம் தள்ளிற்று. பட்டை கூட்டினால் வில் விறைக்குமேயன்றி, வண்டியின் சட்டத்துக்கும் அச்சுக்கும் தடைக்கும் வலிமை கூடாது.

மருத்துவம் எளிதாகவே முடிந்தது. இடப்பக்கம் மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் ஒத்து நில்லா என்பதால் இருபுறமும் புதுவில் பூட்டப்பட்டது. நடு போல்ட், யூ போல்ட், ரப்பர் புஷ் எல்லாம் புதியவை. புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பின்னரே ஆசாரி இறுதியாக முடுக்கினார். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும் என்றார். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அவை தளர்ந்தால் வில் நடுத்துளையில் ஒடியும் என்பது அவர் கண்ட அனுபவம்.

நம் குடியிருப்பில் சிலருடைய வண்டிகளுக்குப் பட்டைவில் இன்றிச் சுருள்வில் இருக்கின்றது. அது பெரும்பாலும் அடிச்சுற்றில், மண்ணும் நீரும் தேங்கும் இடத்தில் ஒடியும். ஒடிந்தும் வண்டி ஓடும், ஆகவே தெரியாது. கூரிய முனை டயரைக் கிழித்த பின்னரே சிலர்க்குத் தெரிகின்றது. ஒன்றை வலியுறுத்திச் சொல்வேன்: அமுக்கி வைத்த சுருள்வில் நாணேற்றிய வில்லுக்கு ஒப்பானது. அதனை வீட்டு முற்றத்தில் கழற்ற எவரும் துணிய வேண்டா.

நாம் செய்யக்கூடியது யாது? வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கர நடுவிலிருந்து மேலுள்ள தகட்டின் விளிம்புவரை இருபுறமும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். ஒருபுறம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் வில்லை ஐயுறுங்கள். கைவிளக்கு கொண்டு பட்டைகளின் ஓரத்தில் பிளவோ, துருக்கோடோ, இடம் பெயர்ந்த பட்டையோ உண்டாவென்று காணுங்கள். டயர் எங்கேனும் உராய்ந்த தடம் உண்டாவெனத் தடவிப் பாருங்கள். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டியின் அடியில் நுழையாதீர்கள். ஐயம் எழுந்தால் பட்டறை செல்லும்வரை சுமை ஏற்றாதீர்கள். தலைப்பட்டை ஒடிந்ததென்று தெரிந்தால் ஓட்டவே வேண்டா.

இச்சங்கத்தின்முன் இரண்டு விண்ணப்பங்களை வைக்கின்றேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று நம் வண்டிகள் அனைத்தையும் இத்திடலில் நிறுத்தி, அளந்து, ஓர் ஏட்டில் குறித்து வைப்போம். இரண்டாவது, இதனினும் கடினமானது. இருக்கைக்கு மேல் ஒரு பிள்ளையையும் ஏற்றுவதில்லை என உறுதி கொள்வோம். "இன்னும் ஒருவன்தானே" என்று நீங்கள் கேட்பதும், நான் மறுக்கக் கூசி ஏற்றுவதும் இன்றோடு முடியட்டும். அந்த மூன்று மாதமும் காலைதோறும் அரைவில்லின்மேல் நான் ஏற்றிச் சென்றது உங்கள் பிள்ளைகளை. தாய்மார்களே, இதனைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். மறைத்தால் அடுத்த வண்டிக்கும் இதுவே நேரும். ஆதலால் சொன்னேன், பொறுத்தருள வேண்டுகின்றேன்.

புதுவில் பூட்டி வந்த மறுநாள் பெரியம்மையை அழைத்துச் செல்லப் போனேன். வேறு வண்டிக்குச் சொல்லியிருப்பாரோ என்று அஞ்சினேன். அவர் வாசலில் காத்திருந்தார். ஏறுமுன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "இப்பம் நேரே நிக்குதா, மக்களே?" என்று கேட்டார்.

"இருபுறமும் அளந்து பார்த்தேன், பெரியம்மை" என்றேன்.

இதோ, முன்வரிசையில் அவர் அமர்ந்திருக்கின்றார். விழா முடிந்ததும் அவரை வீடு சேர்க்க வேண்டும். ஆதலால் இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.